புரோலாக் விடை பைத்தானில் உருமாறி வந்தால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

விதிகளை எழுதிவைத்து வினவி விடை பெறும் தருக்க நிரல்மொழி புரோலாக். அதன் முனையத்தில் வினவலை ஓட்டினால் விடை குறையில்லாமல் வருகிறது. அதே வினவலைப் பைத்தானிலிருந்து கேட்டால் எண் இருக்க வேண்டிய இடத்தில் டியூப்பிள், அதாவது அடைப்புக்குறிக்குள் கோத்த மதிப்புத் தொகுதி, இருக்கிறது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு இலக்க எண்கள் அணிவகுத்து நிற்கின்றன. பட்டியலை எதிர்பார்த்த இடத்தில் ‘ஃபால்ஸ்’ வந்து உட்கார்ந்திருக்கிறது. பெரும்பாலும் விதிகளிலும் தவறு இருக்காது, பைத்தான் நிரலிலும் தவறு இருக்காது. இரண்டுக்கும் நடுவில் உள்ள பாலத்தைக் கடக்கும்போதுதான் மதிப்பு வேறு வேடம் போட்டுக்கொள்கிறது.

நான் இங்கே எடுத்துக்கொள்வது புரோலாக்கின் செயலாக்கங்களில் ஒன்றான ஸ்வி புரோலாக்கையும் பைத்தானையும் இணைக்கும் மூன்று பாலங்களை: 2023 முதல் ஸ்வி புரோலாக்குக்குக் கிடைக்கும் ஜேனஸ், அதற்கு முன்பிருந்தே புழக்கத்தில் உள்ள பைஸ்விப், ஜேசன் வடிவில் விடை தரும் எம்க்யூஐ. ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் உள்ளவர்களுக்கும் சில இடங்களில் சொல்ல வேண்டியது இருக்கிறது. கட்டளைப் பெயர்களை உச்சரிப்பின்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். கணினியில் அவற்றை மூல வடிவில் தட்டச்சு செய்துகொள்ளுங்கள். அணு என்று நான் எழுதுவது புரோலாக்கின் ‘ஆட்டம்’ வகையை, அதாவது பெயராக நிற்கும் தனி மதிப்பை. எடுத்துக்காட்டுகளில் மாறிகள் அடிக்கோட்டில் தொடங்கும். அதற்குக் காரணம் உண்டு, அதனால் வரும் ஒரு சிக்கலும் உண்டு. அது தனி அறிகுறியாகக் கீழே வருகிறது.

பல ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்துவரும் எனக்கு ஒரு விஷயத்தில் உறுதியான கருத்து இருக்கிறது. வகைமாற்றத்தைப் புரோலாக் பக்கத்திலேயே முடித்துவிட வேண்டும். ஒரு மதிப்பு எதற்காக உருவாக்கப்பட்டது என்ற அறிவு அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. பாலத்தைக் கடந்த பிறகு பைத்தானில் உட்கார்ந்து ஊகிப்பவர் ஒருநாள் தவறாக ஊகிப்பார். கீழே உள்ள தீர்வுகள் பெரும்பாலும் இந்தப் பக்கமே சாயும்.

முதலில் இரண்டு கரையிலும் பாருங்கள்

எந்த அறிகுறியானாலும் முதல் வேலை இதுதான். புரோலாக்கில் அந்த மதிப்பை ‘ரைட்_கெனானிக்கல்’ கொண்டு அச்சிடுங்கள். அது குறியீடுகளின் அலங்காரத்தைக் களைந்து, மேற்கோள் குறிகளுடன் உள்ளது உள்ளபடி காட்டும். வெறும் ‘ரைட்’ போதாது. அதில் 12 என்ற எண்ணும் '12' என்ற அணுவும் ஒரே மாதிரி தெரியும். பைத்தான் பக்கத்தில் ‘பிரிண்ட்’ செய்யாமல் ‘ரெப்ர்’, ‘டைப்’ இரண்டையும் பாருங்கள். இந்த மூன்று வரிகளிலேயே பாதிப் பிழைகள் வெளிப்பட்டுவிடும்.

அறிகுறி: எண்ணைக் கேட்டால் டியூப்பிள் வருகிறது

ஜேனஸ் பயன்படுத்துவோர் அடிக்கடி சந்திப்பது இது. இருப்பில் 5 இருந்தது, 3 போனது, மீதியைக் கேட்கிறீர்கள்:

```
மீதி(_இருப்பு, _செலவு, _இருப்பு - _செலவு).
```

பைத்தானில் கிடைப்பது 2 அல்ல, (5, 3). காரணம் எளிது. புரோலாக்கில் 5-3 என்பது கணக்கு அல்ல. கழித்தல் குறியைத் தலையாகவும் 5, 3 ஆகிய இரண்டை உறுப்புகளாகவும் கொண்ட ஒரு கூட்டு உறுப்பு அது; ‘இஸ்’ என்று சொல்லும்வரை யாரும் அதைக் கணக்கிடுவதில்லை. புரோலாக்கில் இணைகளை எழுதும் வழக்கமும் இதே கழித்தல் குறியில்தான். ஆகவே ஜேனஸ் கழித்தல் குறியைத் தலையாகக் கொண்ட உறுப்பை டியூப்பிளாக மாற்றுகிறது. அதன் பார்வையில் அது செய்தது சரி.

தீர்வு விதிக்குள்ளேயே இருக்கிறது:

```
மீதி(_இருப்பு, _செலவு, _விடை) :-
    _விடை இஸ் _இருப்பு - _செலவு.
```

இதே மூலத்திலிருந்து இன்னொரு தொல்லையும் கிளம்பும். மூன்று மதிப்புகளை அ-ஆ-இ என்று கோத்து அனுப்பினால் மூன்று உறுப்புள்ள டியூப்பிள் வராது. கழித்தல் குறி இடப்பக்கமாகச் சேர்வதால் அது (அ-ஆ)-இ ஆகும். பைத்தானில் டியூப்பிளுக்குள் டியூப்பிள் இருக்கும். மூன்று மாறிகளாகப் பிரித்து வாங்க முயலும் வரி பிழை காட்டி நிற்கும். மூன்றும் ஒரே மட்டத்தில் வேண்டுமென்றால் கழித்தல் குறியைச் செயற்கூறு போல முன்னே வைத்து -(அ, ஆ, இ) என்று எழுதுங்கள்.

அறிகுறி: பெயருக்குப் பதில் எண்களின் பட்டியல்

‘அம்மா’ என்று வர வேண்டிய இடத்தில் இப்படி வருகிறது:

```
[2949, 2990, 3021, 2990, 3006]
```

இதை ஒருமுறை நின்று பாருங்கள். 2949 என்பது அ. 2990 என்பது ம. 3021 புள்ளி. மீண்டும் ம, பிறகு 3006, அதாவது துணைக்கால். உங்கள் சொல் எங்கும் போகவில்லை. யூனிகோட் குறியெண்களின் பட்டியலாகப் பிரிந்து கிடக்கிறது.

இரட்டை மேற்கோளுக்குள் எழுதப்படும் உரை எந்த வகையாக வேண்டும் என்பதை ‘டபுள்_குவோட்ஸ்’ என்ற கொடி முடிவு செய்கிறது. குறியெண் பட்டியல், எழுத்துப் பட்டியல், அணு என மூன்று வடிவங்களை 1995ஆம் ஆண்டின் ஐஎஸ்ஓ தரநிலை இதற்கு அனுமதிக்கிறது. ஸ்வி புரோலாக் 7ஆம் பதிப்பிலிருந்து சரம் என்ற தனி வகையைக் கொண்டுவந்து அதையே இயல்புநிலையாக்கியது. குனு புரோலாக்கில் இன்றும் குறியெண் பட்டியல்தான். ஆகவே ஒரு செயலாக்கத்துக்காக எழுதிய கோப்பை இன்னொன்றில் ஏற்றினால் இந்த அறிகுறி தோன்றும். புதிய ஸ்வி புரோலாக்கிலும் இதைப் பார்க்கிறீர்கள் என்றால் சந்தேகிக்க வேண்டியது டிசிஜி இலக்கண விதிகளை. உரையை அலசும் அந்த விதிகள் குறியெண் பட்டியலை வைத்துத்தான் பெரும்பாலும் வேலை செய்கின்றன. அலசி முடித்த துண்டும் பட்டியலாகவே வெளியே வரும்.

விதியின் கடைசி வரியில் மாற்றிவிடுங்கள்:

```
ஸ்ட்ரிங்_கோட்ஸ்(_சரம், _குறியெண்கள்)
```

ஜேனஸில் ‘ஸ்ட்ரிங்(…)’ என்ற உறைக்குள் இட்டு அனுப்பினாலும் போதும்.

பைத்தானில் ஒவ்வொரு எண்ணையும் எழுத்தாக்கி ஒட்டிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். [72, 85, 90] என்று ஒரு பட்டியல் வந்தால் அது மூன்று பாடங்களின் மதிப்பெண்ணா, மூன்று பெரிய ஆங்கில எழுத்துகளா? பார்த்துச் சொல்ல வழியே இல்லை. வெற்றுச் சரத்தின் நிலை இன்னும் மோசம்: குறியெண் முறையில் வெற்றுச் சரமும் வெற்றுப் பட்டியலும் ஒன்றே. பெயரில்லாத ஆளையும் பிள்ளைகளில்லாத ஆளையும் பைத்தான் ஒரே மதிப்பாகப் பார்க்கும்.

அறிகுறி: ஒரு நேரம் பட்டியல், ஒரு நேரம் ஃபால்ஸ்

சோதனையில் எல்லாம் ஓடும். தரவு காலியாக உள்ள முதல் நாளில் ‘பூல்’ வகை மீது சுற்றி வர முடியாது என்று பைத்தான் நின்றுவிடும். இதற்கு இரண்டு தனித்தனிக் காரணங்கள் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்களே அதிகம்.

முதல் காரணம் பாலத்தின் வழக்கம். தோல்வியை ஒவ்வொரு பாலமும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறது. எம்க்யூஐ விடைகள் இருந்தால் டிக்ஷனரிகளின் பட்டியலைத் தரும்; வினவல் தோற்றால் ‘ஃபால்ஸ்’ தரும்; மாறியே இல்லாத வினவல் வென்றால் ‘ட்ரூ’ தரும். பைஸ்விப் தோல்விக்கு வெற்றுப் பட்டியலையும், மாறியில்லாத வெற்றிக்கு ஒரே ஒரு வெற்று டிக்ஷனரி உள்ள பட்டியலையும் தரும். ஜேனஸின் ‘குவெரி_ஒன்ஸ்’ எப்போதும் ஒரு டிக்ஷனரியைத்தான் தரும். அதில் ‘ட்ரூத்’ என்ற திறவுகோலின் மதிப்பு மெய்யா பொய்யா என்று பார்க்க வேண்டும். பார்க்காமல் மாறியின் பெயரைக் கேட்டால் அந்தத் திறவுகோல் இல்லை என்ற பிழை வரும். ஜாவாவைப் புரோலாக்கோடு இணைக்கும் ஜேபிஎல்லில் ‘ஒன்சொல்யூஷன்’ தோல்விக்கு ‘நல்’ தருகிறது. அதைக் கவனிக்காத நிரல் அடுத்த வரியிலேயே விழும்.

இரண்டாவது காரணம் உங்கள் விதிக்குள் இருக்கிறது. விடைகளைத் திரட்ட ‘பேக்ஆஃப்’ அல்லது ‘செட்ஆஃப்’ எழுதியிருப்பீர்கள். திரட்ட ஒன்றும் இல்லையென்றால் இவை இரண்டும் தோற்றுவிடும். வெற்றுப் பட்டியல் தராது. ‘ஃபைண்ட்ஆல்’ மட்டுமே வெற்றுப் பட்டியலோடு வெல்லும்.

‘பேக்ஆஃப்’ இன்னொன்றும் செய்யும், அதைக் கிட்டத்தில் பார்ப்பது நல்லது:

```
பேக்ஆஃப்(_பாடம், எடுத்தவர்(_மாணவர், _பாடம்), _பட்டியல்)
```

எல்லாப் பாடங்களும் ஒரே பட்டியலாக வரும் என்று நினைப்போம். வருவதோ மாணவருக்கு ஒரு பட்டியல். கட்டுப்படாத, அதாவது இன்னும் மதிப்பு பெறாத, ‘_மாணவர்’ என்ற மாறியின் ஒவ்வொரு மதிப்புக்கும் தனித்தனி விடையாக அது பின்வாங்கித் தரும். பைத்தானில் முதல் விடையை மட்டும் எடுத்தவர் ஒரு மாணவரின் பாடங்களை எடுத்துக்கொண்டு, அதுதான் முழுப் பட்டியல் என்று எண்ணிக்கொள்வார். பிழைச் செய்தி ஏதும் வராது என்பதுதான் இதில் அச்சம். மாணவரை வெறும் அடிக்கோடாக மாற்றினாலும் நிலைமை மாறாது. அதுவும் கட்டுப்படாத மாறியே. `_மாணவர்^எடுத்தவர்(_மாணவர், _பாடம்)` என்று முன்னே குறிக்க வேண்டும்.

மற்ற மொழிக்குப் போகும் விடைகளுக்கு நான் ‘ஃபைண்ட்ஆல்’ மட்டுமே எழுதுகிறேன். வரிசையும் தனித்தன்மையும் வேண்டுமென்றால் திரட்டிய பிறகு ‘சார்ட்’. வகை எப்போதும் பட்டியல். சேவை செய்யும் விதி எப்போதும் வெல்லும். பாலத்தின் வழக்கம் எதுவானாலும் பைத்தான் நிரலுக்குக் கவலை இல்லை. கூட்டுத்தொகை, உச்சம் முதலியவற்றுக்கு ‘அக்ரிகேட்_ஆல்’ எழுதும்போது மட்டும் ஒரு கவனம்: எண்ணிக்கை காலித் தரவுக்கு 0 தரும், உச்சம் தோற்றுவிடும்.

அறிகுறி: “_8412” போன்ற உரை

அடிக்கோடும் எண்ணும் சேர்ந்து வந்தால் அது மதிப்பே அல்ல. கட்டுப்படாத மாறி ஒன்று உரையாகி வந்திருக்கிறது. எம்க்யூஐ போன்று ஜேசன் வழியாகவோ, உரை வழியாகவோ வரும் விடைகளில் இது நேரும். ஆபத்து என்னவென்றால் பைத்தானுக்கு இது முறையான சரம்; எந்தத் தடையும் இன்றி உள்ளே போய்விடும்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு கால அட்டவணை வேலையில். எந்த வகுப்பு எந்த மணியில் என்பதைக் கட்டுப்பாடுகளாக எழுதியிருந்தேன். மணி 4க்கும் 5க்கும் இடையில் இருக்க வேண்டும், இரண்டு வகுப்புகள் மோதக் கூடாது, இப்படி. முனையத்தில் ஓட்டியபோது ஒவ்வொரு வகுப்புக்கும் 4..5 என்ற எல்லை தெளிவாகத் தெரிந்தது; வேலை முடிந்தது என்று பாலத்தை இணைத்துவிட்டேன். தரவுத்தளத்தில் மணி என்ற நெடுவரிசை உரை வகையாக இருந்ததால் அடிக்கோட்டு எண்கள் அமைதியாகப் பதிவாகிக்கொண்டே இருந்தன. அட்டவணையை அச்சிட்டுக் கையில் எடுத்தபோதுதான் தெரிந்தது.

கட்டுப்பாட்டு நிரலாக்கத்தில் மாறி இன்னும் மாறியாகவே இருக்கலாம். கட்டுப்பாடு அதன் மீது பண்பாக ஒட்டிக்கொண்டிருக்கும். முனையம் அந்தப் பண்பைப் படித்துக் காட்டுகிறது. உரையாக மாற்றும் பாலம் மாறியின் உள்பெயரைத் தவிர வேறெதையும் கொண்டுபோவதில்லை. மதிப்பு வேண்டுமென்றால் மாறிகளைத் தீர்மானித்தாக வேண்டும்:

```
அட்டவணை(_மணிகள்),
லேபிள்(_மணிகள்)
```

எல்லையே போதும், ஒற்றை மதிப்பு வேண்டாம் என்ற நிலையில் ‘எஃப்டி_இன்ஃப்’, ‘எஃப்டி_சப்’ கொண்டு கீழெல்லையையும் மேலெல்லையையும் எண்களாக எடுத்து இணையாக அனுப்புங்கள். எப்படியானாலும், விடையை வெளியே அனுப்பும் விதியின் முடிவில் ‘கிரவுண்ட்(_விடை)’ என்று ஒரு வரி சேர்ப்பது என் வழக்கம். அதற்குள் எங்கேனும் கட்டுப்படாத மாறி இருந்தால் விதி அங்கேயே நிற்கும். அடிக்கோட்டு எண் தரவுத்தளம்வரை போகாது.

மதிப்பு உண்மையிலேயே இல்லை என்ற நிலைக்கு மாறியை விட்டுவைக்காதீர்கள். புரோலாக்கில் ‘நல்’ என்று தனி வகை கிடையாது. ஜேனஸுக்கு ‘@(நன்)’ என்று அனுப்பினால் பைத்தானின் ‘நன்’ கிடைக்கும். மற்றப் பாலங்களில் ஓர் அணுவைக் குறித்துக்கொண்டு, மறுகரையில் அதை ஒரே இடத்தில் மாற்றுங்கள்.

அறிகுறி: வெற்றி வருகிறது, மதிப்பு வரவில்லை

தமிழில் பெயர் சூட்டி நிரல் எழுதுபவர்கள் கட்டாயம் மோதிக்கொள்ளும் இடம் இது. புரோலாக்கில் மாறியின் பெயர் பெரிய எழுத்திலோ அடிக்கோட்டிலோ தொடங்க வேண்டும். நம் எழுத்தில் பெரியது சிறியது என்ற பிரிவு இல்லை. எனவே ‘விடை’ என்று எழுதினால் அது அணு. மாறியாக வேண்டுமென்றால் ‘_விடை’ என்றுதான் எழுத வேண்டும். விதிகளுக்குள் இதனால் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஜேனஸ் வழியாகக் கேட்கும் வினவலில், அந்தப் பாலம் அடிக்கோட்டில் தொடங்கும் மாறிகளை ‘எனக்கு இது வேண்டாம்’ என்ற குறிப்பாக எடுத்துக்கொண்டு விடையிலிருந்து விலக்கிவிடுகிறது. கிடைப்பது ‘ட்ரூத்’ மட்டும் உள்ள டிக்ஷனரி.

வழி: விதிகள் முழுவதையும் தமிழிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பாலத்தைக் கடக்கும் வினவல் வரியில் மட்டும் ரோமன் பெரிய எழுத்து ஒன்றை மாறியாக வையுங்கள். அந்த ஒரு மாறிக்குள் தமிழ்த் திறவுகோல்கள் கொண்ட டிக்ஷனரியை அனுப்பினால் பைத்தானில் எல்லாப் பெயர்களும் தமிழிலேயே கிடைக்கும்.

அறிகுறி: கூட்டு உறுப்பு வகைப் பிழையாகிறது, அல்லது உரையாகிறது

முகவரி(தெரு, ஊர், எண்) போன்ற உறுப்புக்குப் பைத்தானில் நேரான இணை கிடையாது. ஜேனஸ் ‘பை_டேட்டா’ எதிர்பார்த்தேன் என்று வகைப் பிழை காட்டும். எம்க்யூஐ ‘ஃபங்க்டர்’, ‘ஆர்க்ஸ்’ என்ற இரண்டு திறவுகோல்கள் உள்ள டிக்ஷனரியாக்கித் தரும். உரையாக வந்தால், காற்புள்ளியில் வெட்டிப் பிரிக்கும் எண்ணத்தைக் கைவிடுங்கள்; தெருவின் பெயருக்குள் காற்புள்ளி இருந்தால் அந்த நிரல் அன்றோடு சரி.

புரோலாக்கில் டிக்ஷனரியாக்குங்கள்:

```
டிக்ட்_கிரியேட்(_அகராதி, _,
    [தெரு-_தெரு, ஊர்-_ஊர், எண்-_எண்])
```

உள்ளே இன்னொரு கூட்டு உறுப்பு இருந்தால் அதற்கும் ஒரு மாற்று விதி வேண்டும். ஒவ்வொரு வகை உறுப்புக்கும் ஒரு வரி என்று ‘வெளியே(_உறுப்பு, _தரவு)’ என்ற ஒரே விதியில் எழுதிவைத்தால், புதிய வகை சேரும்போது எங்கே கை வைப்பது என்று தேட வேண்டியதில்லை. தெரியாத உறுப்பு வந்தால் அந்த விதி தோற்க விடாதீர்கள். பிழை எறிய வையுங்கள். தோல்வி ‘விடை இல்லை’ என்று வேடம் போடும். பிழை வேடம் போடாது.

(அ, ஆ) என்று அடைப்புக்குறிக்குள் காற்புள்ளியிட்டு எழுதுவது புரோலாக்கில் பட்டியலும் அல்ல, டியூப்பிளும் அல்ல. அது காற்புள்ளியைத் தலையாகக் கொண்ட கூட்டு உறுப்பு. பைத்தான் பழகிய கை இதைத் தானாகவே எழுதிவிடும். இதே வகைப் பிழை வரும்.

அறிகுறி: எண் இருக்கிறது, ஆனால் வகை சரியில்லை

ஒரே நெடுவரிசையில் 3 முழு எண்ணாகவும் 3.5 பதின்ம எண்ணாகவும் வந்தால் வகுத்தலைப் பாருங்கள். ஸ்வி புரோலாக்கின் இயல்புநிலையில் 6/2 முழு எண் 3 தரும், 7/2 தரும் விடை 3.5. பைத்தானில் 6/2 என்றாலும் 3.0தான். முழு எண் வேண்டுமென்றால் இரட்டைச் சாய்கோடு, பதின்ம எண் வேண்டுமென்றால் விடையை ‘ஃப்ளோட்’ செய்து அனுப்புங்கள்.

எண் சரமாக வந்தால் அது புரோலாக்கிலேயே எண்ணாக இருந்ததில்லை. காற்புள்ளியில் வெட்டப் பயன்படும் ‘அட்டாமிக்_லிஸ்ட்_கான்கட்’ துண்டுகளை அணுக்களாகத் தருகிறது, ‘ஸ்பிலிட்_ஸ்ட்ரிங்’ சரங்களாகத் தருகிறது. ‘ஆட்டம்_நம்பர்’ கொண்டு மாற்றலாம், ஆனால் எதை மாற்றுகிறோம் என்று தெரிந்து மாற்றுங்கள். அது புரோலாக்கின் எண் இலக்கணப்படி படிக்கிறது. 12க்கும் 3க்கும் நடுவில் ஆங்கில ‘இ’ எழுத்து உள்ள பொருள் குறியீட்டைக் கொடுத்தால் 12000.0 என்று திருப்பித் தரும். முன்னால் 0 உள்ள குறியீடுகள் 0வை இழக்கும். சிஎஸ்வி கோப்பைப் படிக்கும் நூலகமும் இயல்பாகவே எண் போலத் தெரியும் புலங்களை எண்ணாக்கிவிடும். ‘கன்வெர்ட்’ என்ற விருப்பத்தை அணைத்தால் நிற்கும்.

பெரிய முழு எண்களால் பைத்தானில் தொல்லை இல்லை. இரு மொழியிலும் எண்ணுக்கு நீள வரம்பு கிடையாது. பின்னமும் ஜேனஸ் வழியாக ‘ஃபிராக்ஷன்’ ஆகச் சேதமின்றி வரும். ஜாவாஸ்கிரிப்டுக்குப் போகிறீர்கள் என்றால் 9007199254740991 வரைதான் முழு எண்கள் பிசகாமல் இருக்கும். 9007199254740993 என்று அனுப்பினால் கடைசி இலக்கம் 2 ஆகிவிடும். அடையாள எண்களைச் சரமாக அனுப்புங்கள்.

அறிகுறி: பொய் என்று வந்தது மெய்யாக நடக்கிறது

‘ஃபால்ஸ்’ என்ற அணு பைத்தானில் ஐந்து ஆங்கில எழுத்துகள் கொண்ட சரமாக வந்தால், அது வெற்றுச் சரம் அல்ல. ஆகவே நிபந்தனையில் மெய். எல்லாப் பயனர்களுக்கும் அனுமதி கிடைத்துவிட்டது என்று புகார் வந்தால் இங்கே தேடுங்கள். ஜேனஸுக்கு ‘@(ட்ரூ)’, ‘@(ஃபால்ஸ்)’ என்ற வடிவில் அனுப்புங்கள். பிற பாலங்களில் 1, 0 ஆகிய எண்களே நம்பிக்கையானவை.

அறிகுறி: கண்ணுக்கு ஒன்று, ஒப்பிட்டால் வேறு

பைத்தானிலிருந்து ஒரு பெயரை அனுப்பித் தேடுகிறீர்கள். அந்தப் பெயர் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும், வினவல் தோற்கிறது. புரோலாக்கில் "கண்ணன்" என்ற சரமும் கண்ணன் என்ற அணுவும் ஒன்றாகா. உங்கள் பாலம் பைத்தான் சரத்தை எந்த வகையாகக் கொண்டுபோகிறது என்பதை ‘ஆட்டம்(_பெயர்)’, ‘ஸ்ட்ரிங்(_பெயர்)’ என்று வினவிப் பாருங்கள். விதியின் நுழைவாயிலில் ‘ஆட்டம்_ஸ்ட்ரிங்’ கொண்டு ஒரே வகையாக்குங்கள். எதிர்த்திசையில், பைஸ்விப்பின் பழைய பதிப்புகளில் புரோலாக் சரம் பைத்தானின் ‘பைட்ஸ்’ வகையாக வந்து இதே கோளாறைத் தரும். யூடிஎஃப்-8 கொண்டு பிரித்தால் சரியாகும். ஜாவாவில் ‘டூஸ்ட்ரிங்’ ஒற்றை மேற்கோள்களையும் சேர்த்துத் தரக்கூடும். ‘நேம்’ மேற்கோள் இல்லாமல் தரும்.

வகையும் ஒன்றாக இருந்து, இன்னும் பொருந்தவில்லையா? எழுத்துகளை எண்ணிப் பாருங்கள். ‘கொடி’ என்ற சொல்லில் கொகரக் குறியை 3018 என்ற ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். 3014, 3006 என்று ஒற்றைக்கொம்பும் துணைக்காலுமாக இரண்டாகவும் எழுதலாம். திரையில் எந்த வேறுபாடும் தெரியாது. ‘ஆட்டம்_லெங்த்’ முதலாவதற்கு 4 சொல்லும், இரண்டாவதற்கு 5. ஒருங்கிணைவு, அதாவது இரண்டையும் ஒன்றாகப் பொருத்தும் முயற்சி, தோற்கும். பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றப்பட்ட கோப்புகளில் இந்த இரட்டை வடிவத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். புரோலாக்குக்கு அனுப்பும் முன் பைத்தானின் ‘யூனிகோட்டேட்டா’ நூலகத்தில், பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு இயல்பாக்குங்கள். கூற்றுகள் உள்ள கோப்பையும் ஒருமுறை அதே வடிவத்துக்கு மாற்றிவைக்க மறக்காதீர்கள். ஒரு பக்கம் மட்டும் திருத்தினால் நேற்றுவரை பொருந்தியவையும் இன்று பொருந்தாமல் போகும்.

வேகமாகத் தீரும் சில

ஒரே விடை இரண்டு மூன்று முறை வருவது பால வேலை அல்ல. ஒரே முடிவுக்கு இரண்டு வழிகளில் நிறுவல் கிடைக்கிறது. விதியைத் திருத்துங்கள், அல்லது ‘டிஸ்டிங்க்ட்’ சேருங்கள்.

விடைகளைப் பட்டியலாக்கும் வரியில் நிரல் தொங்கி நினைவகம் ஏறிக்கொண்டே போனால் வினவலுக்கு முடிவற்ற விடைகள் உண்டு என்று பொருள். ‘லிமிட்’ கொண்டு கட்டுங்கள்.

ஒரு வினவலின் விடைகளைச் சுற்றி வரும்போதே உள்ளே இன்னொரு வினவலைத் தொடங்கினால் பைஸ்விப் ‘நெஸ்டட்குவெரிஎரர்’ எறியும். ஜேனஸில் உள்வினவல் தொடங்கலாம்; ஆனால் அதை மூடாமல் வெளிவினவலின் அடுத்த விடையைக் கேட்டால் பிழை வரும். முதல் வினவலின் விடைகளை முழுதாக வாங்கிக்கொண்டு அடுத்ததைத் தொடங்குங்கள். இடையில் வெளியேறினால் ‘க்ளோஸ்’ செய்யுங்கள்.

பட்டியல் ஒன்பது உறுப்புகளோடு நின்று, அதன்பின் ஒரு செங்குத்துக் கோடும் மூன்று புள்ளிகளும் தெரிகின்றனவா? நீங்கள் பாலத்தையே பயன்படுத்தவில்லை. முனையத்தின் வெளியீட்டை உரையாகப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். மனிதக் கண்ணுக்காக அது நீண்ட விடைகளைச் சுருக்கிக் காட்டுகிறது. ஆழ வரம்பை 0 ஆக்கினால் முழுதாக வரும்தான். அதைவிட, அதே விடையை ‘ஜேசன்_ரைட்_டிக்ட்’ கொண்டு எழுதச் செய்து பைத்தானின் ஜேசன் நூலகத்தால் படித்தால், அதற்காக எழுதிவைத்த உரைவெட்டும் வரிகள் அத்தனையையும் நீக்கிவிடலாம்.